பழைய பியானோ: பாட வைப்பதா, பேசாமல் காப்பதா?

மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை உதிர்ந்துவிட்டால் நாம் கவலைப்படுவதில்லை. கருவி செய்பவரிடம் கொண்டுபோய்ப் புதிதாக இடச் சொல்கிறோம். தோல் கிழிந்தால் புதிய மூட்டு. வார் தளர்ந்தால் புதிய வார். வீணையில் மெழுகு இளகி மெட்டுகள் இடம்பெயர்ந்தால் மறுபடி மேளம் கட்டச் சொல்கிறோம். இவ்வளவும் மாறிய பின்னும் ‘இது என் பாட்டனார் வாசித்த வீணை’ என்றே சொல்லிக்கொள்கிறோம். குடமும் தண்டியும் மாறாத வரையில் வீணை மாறவில்லை என்பது நம் மனத்தில் ஊறிய கணக்கு.

பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதியில் இந்தக் கணக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. திருத்தணி வட்டாரம் முன்பு கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. பதங்கள் இயற்றிய சாரங்கபாணியும், வர்ணங்களால் பெயர்பெற்ற கோவிந்தசாமய்யாவும் அந்த ஊரின் பெயரோடு சேர்த்தே அறியப்படுகிறவர்கள். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது.

இந்த வட்டாரத்தில் பியானோ அரிய பொருள். கருநாடக இசையில் வயலின் இடம்பிடித்தது போல் பியானோ பிடிக்கவில்லை. காரணம் எளியது. பியானோவின் ஒவ்வொரு கட்டையும் ஒரே சுரத்தை மட்டும் ஒலிக்கும். சுரத்தை அசைத்து, வளைத்து, அடுத்த சுரத்தோடு இழையவிடும் கமகத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே ஆங்கிலேயர் கொண்டுவந்த பியானோக்கள் அவர்களுடைய இல்லங்களிலும், மாதா கோவில்களிலும், கிறித்தவப் பள்ளிகளிலும், சில அரண்மனைகளிலும் தங்கிவிட்டன. அவற்றுள் பல நூறாண்டைத் தாண்டி இன்று பழுதுற்று நிற்கின்றன. அவற்றைச் செப்பனிடலாமா? செப்பனிட்டால் எதுவரை? மிருதங்கத்துக்கு எளிதாகக் கிடைத்த விடை இங்கு எளிதாகக் கிடைப்பதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

பியானோ என்பது கம்பிகளைச் சிறு சுத்திகளால் தட்டி ஒலியெழுப்பும் கருவி. இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. கம்பிகளோ ஏறத்தாழ 230. ஒவ்வொரு கம்பியின் ஒரு முனை ஓர் இரும்பு முறுக்காணியில் சுற்றப்பட்டிருக்கும். வீணையின் பிரடை செய்யும் வேலையை இது செய்கிறது. முறுக்காணிகள் தடித்த மரப்பலகை ஒன்றில் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கும். கம்பியின் அதிர்வு ஒரு மரக் குதிரை வழியாக ஒலிப்பலகைக்கு இறங்குகிறது. ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் மெல்லிய பலகை அது. பியானோவின் குரல் உண்மையில் இந்தப் பலகையின் குரலே.

எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன் வரை இருக்கும். மூன்று நான்கு யானைகளின் எடை அது. இந்த இழுவையை வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று தாங்குகிறது. முழு வார்ப்பிரும்புச் சட்டத்துக்கு 1825இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்ஃபியஸ் பாப்காக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே பாரிசில் பாப் என்பவர் சுத்திகளுக்குத் தோலுக்குப் பதிலாகக் கம்பளி ஃபெல்ட் போர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய பியானோக்களில் மரச்சட்டமே இருந்தது. ஒலியும் மெல்லியதாக இருந்தது. எனவே பழைய பியானோ என்பது இன்றைய பியானோ கிழடுதட்டிய நிலை அன்று. அது வேறொரு கருவி. அதை ‘நன்றாக ஒலிக்க’ச் செய்யப் புறப்படுபவர் பலவேளை அதைப் புதிய காலத்துக் கருவியாக மாற்றிவிடுகிறார்.

மூன்று பிள்ளைகள், மூன்று விதிகள்

பியானோவைக் கண்டறிந்தவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி. இத்தாலியின் பாதுவா நகரில் 1655இல் பிறந்து, புளோரன்சில் மெதிசி இளவரசரிடம் பணியாற்றியவர். 1700ஆம் ஆண்டளவில் அவரது புதுக் கருவி அரண்மனைப் பொருட்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அவர் 1731இல் காலமானார். அவர் கையால் செய்த பியானோக்களில் மூன்று மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. 1720இல் செய்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், 1722இல் செய்தது ரோமிலும், 1726இல் செய்தது ஜெர்மனியின் லைப்சிக் நகரிலும் உள்ளன.

இம்மூன்றில் மிகப் பழையதான நியூயார்க் பியானோ இன்றும் ஒலிக்கும். ஆனால் அது ஒலிப்பதற்குக் கொடுத்த விலை பெரிது. முன்பே பலர் கைவைத்து மாற்றிய அந்தக் கருவிக்கு 1938இல் புதிய ஒலிப்பலகையும் பொருத்தப்பட்டது. ஒலிப்பலகையே பியானோவின் குரல் என்று மேலே கண்டோம். ஆகவே நியூயார்க்கில் நாம் கேட்பது கிறிஸ்டோபோரியின் பெட்டிக்குள்ளிருந்து வரும் 1938ஆம் ஆண்டின் குரல். ரோமில் உள்ளது பூச்சி அரித்தது, வாசிக்க இயலாது. லைப்சிக் பியானோவை முன்பு வாசித்துப் பதிவு செய்ததுண்டு; இப்போது வாசிப்பதில்லை.

அப்படியானால் கிறிஸ்டோபோரியின் பியானோ எப்படி ஒலித்தது என்று அறிய வழியே இல்லையா? உண்டு. வாய்மூடிய இரண்டு கருவிகளையும் நுணுக்கமாக அளந்து, மரத்தின் தடிப்பையும், சுத்தியின் எடையையும், கம்பியின் விட்டத்தையும் குறித்து, அதே அளவில் புதிய படிகளைக் கைவினைஞர் செய்திருக்கின்றனர். வாசிப்பதும் தேய்வதும் படியின் வேலை. சாட்சி சொல்வது மூலத்தின் வேலை. வாசிக்க முடியாத கருவிகளே குரலைக் காப்பாற்றித் தந்தன என்பது வேடிக்கையான உண்மை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. லண்டனில் பியானோ செய்துவந்த தாமஸ் பிராட்வுட், 1817 இறுதியில் ஆறு எட்டுச்சுர வீச்சுள்ள பியானோ ஒன்றைப் பீத்தோவனுக்குப் பரிசாக அனுப்பினார். கடல்வழியே திரியெஸ்தே துறைமுகம் சென்று, அங்கிருந்து தரைவழியே அது வியன்னாவை அடைந்தது. காது மந்தமாகிவிட்ட பீத்தோவன் ஓங்கி ஓங்கி வாசித்தார். 1824இல் அவரைக் காண வந்த ஸ்டம்ப்ஃப் என்ற இசைக்கருவி வினைஞர், அறுந்த கம்பிகள் உள்ளே சிக்கலாகக் கிடந்ததைக் குறித்துவைத்துள்ளார். பின்னர் அது லிஸ்ட் என்ற புகழ்பெற்ற பியானோ மேதையிடம் வந்து, முடிவில் புதாபெஸ்ட்டிலுள்ள ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தது. 1990களின் தொடக்கத்தில் டேவிட் வின்ஸ்டன் என்ற வினைஞர் அதை இங்கிலாந்தில் செப்பனிட்டார். மெல்வின் டான் அதில் வாசித்தார். இது சரியா, தவறா என்பதில் வல்லுநரிடையே இரு கருத்துகள் இருக்கலாம். பழைய பாகங்களை இயன்றவரை விட்டுவைத்து, தொட்டதையெல்லாம் எழுதிவைத்தால் தவறு குறையும் என்பது என் எண்ணம்.

புள்ளலூரும் புலியும்

இந்தியாவில் இந்தக் கேள்வி எழுந்த கருவி எது என்று தேடினால், பியானோவைவிட விந்தையான ஒன்று எதிர்ப்படுகிறது. பியானோவைப் போலவே கட்டைகள் கொண்ட கருவி; கம்பிகளுக்குப் பதிலாகக் குழல்கள். அதன் கதைக்கு நம் வட்டாரத்துப் போர்க்களத்தோடும் தொடர்புண்டு.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் புள்ளலூரில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து முறியடித்தனர். பெய்லிக்குத் துணைசெய்ய வேண்டிய சர் ஹெக்டர் மன்றோ காஞ்சியில் இருந்தார். செய்தி கேட்டதும் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். ஓராண்டு கழித்து, 1781 செப்டம்பர் 27இல், பள்ளிப்பட்டுக்குத் தெற்கே உள்ள சோளிங்கரில் சர் அயர் கூட் ஐதரைத் தோற்கடித்தார். புள்ளலூர் வெற்றியைத் திப்பு மறக்கவில்லை. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அதை ஓவியமாகத் தீட்டச் செய்தார்.

மன்றோவின் மகன் ஒருவன் 1792 டிசம்பரில் வங்கத்துச் சாகர் தீவில் புலி தாக்கி இறந்தான். திப்புவின் சின்னம் புலி. அவருக்காகச் செய்யப்பட்ட மரப்புலி ஒன்று மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் மேல் பாய்ந்து நிற்கிறது. அந்த நிகழ்ச்சியே இதற்குத் தூண்டுதல் என்று கருதுவோர் உண்டு. புலியின் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர், உயரம் 71 சென்டிமீட்டர். பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும். கீழே கிடப்பவனின் கை மேலும் கீழும் அசையும்; அவன் வாயிலிருந்து ஓலம் எழும்; புலியின் தலைக்குள்ளிருந்து உறுமல் வரும். புலியின் விலாவில் உள்ள கதவைத் திறந்தால் 18 தந்தப் பொத்தான்கள் கொண்ட சிறு ஆர்கன் ஒன்று தெரியும்.

1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அரண்மனையின் இசைக்கருவி அறையில் கிடைத்த புலி லண்டனுக்குப் போயிற்று. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வந்தவரெல்லாம் கைப்பிடியைச் சுழற்றினார்கள். ஓலமும் உறுமலும் ஓயவில்லை. பக்கத்தில் நூல் படிக்க வந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. 1843இலேயே கருவி பழுதுபட்டுவிட்டதாகக் குறிப்பு உள்ளது. பிறகு கைப்பிடியே காணாமற் போயிற்று. படிப்பாளிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதாகத் தெரிகிறது!

1880ஆம் ஆண்டளவில் புலி தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்கு மாறியது. பின்னாளில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப் பெயர்பெற்றது அதுவே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டு விழுந்து கூரை சரிந்ததில் புலியின் மரக்கூடு பல நூறு துண்டுகளாகச் சிதறியது. அத்துண்டுகளைப் பொறுமையாகச் சேர்த்து ஒட்டி, 1947க்குள் மறுபடி பார்வைக்கு வைத்துவிட்டனர். உடல் பிழைத்தது உண்மையில் பெரிய சாதனை.

குரலின் கதை வேறு. இயந்திர இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆர்தர் ஆர்ட்-ஹியூம் இதன் உட்பொறியைச் சோதித்தார். பழுதுபார்த்தவர்கள் ஈவிரக்கமின்றிப் பொறியைத் திருத்தியமைத்துவிட்டதால், அது முதலில் இயங்கிய முறையில் பெரும்பகுதி அழிந்தது என்பது அவருடைய முடிவு. இதில் நமக்கு நேர்ந்த இழப்பு என்ன என்று சிந்தித்துப் பாருங்கள். 1790களில் மைசூரில், இந்தியக் கைவினைஞரும், ஒருவேளை பிரெஞ்சு வினைஞரும் சேர்ந்து செய்த கட்டைக் கருவி இது. அதன் குழல்கள் எந்தச் சுருதியில் அமைந்திருந்தன? ஐரோப்பிய வரிசையிலா, நம் இராகம் ஒன்றின் சுரங்களிலா? மாற்றப்படாத குழல்களும் துருத்தியும் இருந்திருந்தால் அளந்தே சொல்லியிருக்கலாம். திருத்தியவர்களுக்குப் புலி உறுமினால் போதுமாயிருந்தது. அது உறுமியது, சாட்சி போயிற்று. நம் கோயில் திருப்பணிகளில் சுவரைப் பளபளப்பாக்கும் ஆவலில் மணல் வீச்சுக்கு இரையான கல்வெட்டு எழுத்துகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

நம் வெயிலும் மழையும்

இனி நம் நாட்டில் நிற்கும் சாதாரணப் பியானோவுக்கு வருவோம். இவற்றுள் பெரும்பாலானவை கிறிஸ்டோபோரியின் கைவேலையுமல்ல, திப்புவின் புலியுமல்ல. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைகளில் செய்து கப்பலேற்றப்பட்டவை. சென்னையில் 1842இலேயே மிஸ்க்வித் என்ற இசைக்கருவி நிறுவனம் தொடங்கிவிட்டது. அதன் வழிவந்த மியூசி மியூசிக்கல், அண்ணா சாலையில் பலருக்கும் அறிமுகமான கடை.

வெப்ப நாடுகளுக்கென்றே தனியாகப் பியானோ செய்தார்கள். விலங்குப் பசை ஈரத்தில் இளகிவிடும் என்பதால் ஒட்டிய இடங்களில் பித்தளைத் திருகாணிகளையும் சேர்த்து முடுக்கினார்கள். பெட்டிக்குத் தேக்கு போன்ற மரத்தைப் பயன்படுத்தினார்கள். இப்படிப்பட்ட பியானோவின் உள்ளே பித்தளைத் தகடுகளும் திருகாணிகளும் தெரிந்தால், ‘யாரோ உள்ளூர்த் தச்சர் அடித்துவைத்தது’ என்று எண்ணிக் கழற்றிவிடக்கூடாது. அது பிறப்பிலேயே வந்த கவசம்.

கவசம் இருந்தும் மரம் மரமே. நம் வட்டாரத்தில் சித்திரை வைகாசியில் காற்று வறண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் ஈரம் ஏறும். ஈரம் ஏறும்போது மரம் இழையின் குறுக்கே விரிகிறது, வறளும்போது சுருங்குகிறது. ஒலிப்பலகை நாற்புறமும் பிணைக்கப்பட்டிருப்பதால் விரிய இடமின்றி மேல்நோக்கிப் புடைக்கிறது. கம்பிகளின் இறுக்கம் கூடிச் சுருதி ஏறுகிறது. கோடையில் மறுபடி இறங்குகிறது. ஆண்டுதோறும் இப்படி ஏறி இறங்கினால் ஒருநாள் பலகை வெடிக்கும். முறுக்காணிகளைப் பிடித்திருக்கும் துளைகளும் அகலும். கடலோரக் காற்றில் கம்பிகள் துருப்பிடிக்கும். கம்பளி ஃபெல்ட்டை அந்து அரிக்கும். கறையான் வந்தால் கேட்கவே வேண்டாம்.

இவற்றுள் எது உயிருக்கு ஆபத்து? ஒலிப்பலகையில் வெடிப்பைக் கண்டவுடன் பலர் மனமுடைந்துவிடுகின்றனர். பின்புறத்து விலாச்சட்டங்கள் பலகையோடு ஒட்டியே இருந்து, வாசிக்கும்போது கிடுகிடு ஒலி எழாவிட்டால் அந்த வெடிப்பு பெரிய கேடு அன்று. முறுக்காணி தளர்வதோ கேடுதான். சுருதி சேர்த்த சில நாட்களிலேயே கம்பிகள் கீழிறங்கினால் பிடிமானம் போய்விட்டது என்று பொருள். சற்றே பருத்த ஆணிகளை அடித்துச் சரிசெய்யலாம். பலகையே வெடித்திருந்தால் பலகையை மாற்ற வேண்டும். அதற்கு எல்லாக் கம்பிகளையும் கழற்ற வேண்டும். செலவு பன்மடங்கு ஏறும். வார்ப்பிரும்புச் சட்டத்தில் வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் அந்தக் கருவியின் பாட்டு முடிந்தது எனலாம். இருபது டன் இழுவையைத் தாங்கும் வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது எளிதன்று. ஆகவே வாங்குமுன்னும் செப்பனிடுமுன்னும் முதலில் பார்க்கவேண்டியது சட்டம், அடுத்து முறுக்காணி. மேற்பூச்சின் மினுமினுப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

சுத்தியின் ஃபெல்ட், துருவேறிய கம்பி, அடக்கியின் கம்பளி ஆகியவை பியானோவின் தோலும் வாரும். இவற்றை மாற்றத் தயங்க வேண்டியதில்லை. ஒலிப்பலகையும் குதிரையும் சட்டமும் அதன் குடமும் தண்டியும். பள்ளியில் பிள்ளைகள் பயிலும் பியானோவுக்கு அவற்றையும் தொடலாம். அது பாடுவதற்கென்று இருக்கிற கருவி, பாடட்டும். 1840க்கு முந்திய மரச்சட்டப் பியானோ எங்கேனும் கிடைத்தால் நிலைமை வேறு. அதன் கம்பியைக்கூட அளந்து குறிக்காமல் கழற்றக்கூடாது. அத்தகைய கருவிக்குப் புதிய எஃகுக் கம்பி பூட்டி இன்றைய சுருதிக்கு முறுக்கினால் மரச்சட்டம் வளைந்துவிடும். இன்றைய சுருதியளவான விநாடிக்கு 440 அதிர்வு 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில்தான் பரிந்துரைக்கப்பட்டது. அதற்கு முன்பு ஊருக்கு ஊர் சுருதி வேறுபட்டது. இரும்புச்சட்டப் பியானோவாயினும் பல்லாண்டு தொடாமல் கிடந்தால், ஒரே நாளில் சுருதியை ஏற்றாமல் படிப்படியாக ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் துருவேறிய கம்பிகள் பட்பட்டென்று அறும்.

கட்டைகளின் மேலுள்ள தந்தத் தகடு ஒரு தனிச் சிக்கல். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பியானோ செய்வோர் பிளாஸ்டிக்குக்கு மாறினர். அதற்கு முந்திய நல்ல பியானோக்களில் யானைத் தந்தமே இருக்கும். ஒரு தகடு உதிர்ந்தால் அதுபோல் இன்னொன்று வாங்கலாமே என்று தோன்றும். வாங்க முடியாது. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்த வாணிபத்தைத் தடைசெய்தது; 1991ஆம் ஆண்டின் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. உதிர்ந்த இடத்தில் நிறம் ஒத்த பிளாஸ்டிக் தகட்டை ஒட்டலாம். நல்ல தகடுகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரே சீராகப் புதிது ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மங்கலாக மஞ்சளித்த தகடுகளுக்கிடையில் ஒரு வெள்ளைத் தகடு தெரிந்தால் தெரியட்டும். தந்தக் கட்டையுள்ள பியானோவை விற்க நினைப்பவர் முதலில் வனத்துறையில் விசாரித்துக்கொள்ளவும்.

வேலை தொடங்குமுன் பியானோவின் உள்ளே பொறித்திருக்கும் தொடர் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பெயர்பெற்ற நிறுவனங்களின் எண் பட்டியல்கள் அச்சில் உள்ளன. எண்ணைக் கொண்டு செய்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். சில வேளை கட்டைகளைக் கழற்றினால் முதல் கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிய பெயரோ நாளோ கிடைக்கும். பழுதுபார்த்தவர் யாராவது எழுதியிருப்பார். அதை உப்புத்தாளால் தேய்க்காமல் விடவேண்டும். கழற்றிய பழைய சுத்தியில் ஒன்று, கம்பியில் ஒரு துண்டு, மாற்றிய நாளும் மாற்றியவர் பெயரும் எழுதிய ஒரு தாள்: இவற்றைத் துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள் அடிப்பலகையின் ஓரத்தில் வைத்து மூட அரைமணி நேரம் போதும்.